லூசியானா ஐரிஸ்: உரித்த விதை முளைத்துவிட்டது

ஐப்பசி மழையில் போட்ட லூசியானா ஐரிஸ் (அமெரிக்கத் தென்பகுதிச் சதுப்பில் வளரும் பூச்செடி) விதை மார்கழியில் முளைத்துவிட்டது. அதுவும் காரைக்குடியில், குளிர் காட்டப் பிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாமல்! தட்டில் பாதி உரித்த விதை, பாதி உரிக்காதது. உரித்த பக்கம் மெல்லிய பச்சை எட்டிப்பார்க்கிறது. மறுபக்கம் இன்னும் வெறும் மண்தான்.

தாடி ஐரிஸ் (கீழிதழில் தாடிபோல் மயிர் உள்ள ரகம்) பேச்சை எங்கள் செடிக் கூட்டத்தில் இனி எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. மலைக்குப் போய் வருகிறவர் யாராவது கிழங்கோடு வந்து இறங்குவார். அது மொட்டு வைக்கக் குளிர்காலம் வேண்டும், கிழங்கின் முதுகு வெயிலில் காயவும் வேண்டும். வெயில் நம்மிடம் தாராளம், குளிருக்கு எங்கே போவது? அடைமழை வந்தால் கிழங்கு கொழகொழத்து நாறிவிடும். இருந்தும் ஆசை விடுவதில்லை. ஐரிஸ் சங்கம் என்றாலே முன்னால் நிற்பது தாடி ரகங்கள்தானே. 1920இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம், 1922இல் தொடங்கிய பிரிட்டிஷ் சங்கம் இரண்டின் படங்களையும் பார்த்துப் பாருங்கள். ஐரிஸுக்கான உயர்ந்த பதக்கமான டைக்ஸ் பதக்கம் வாங்கியவற்றில் பெரும்பாலானவை நெட்டைத் தாடிகள்தான்.

ஆனால் ஐரிஸ்காரர்களிடம் ரகத்துக்கு ஒரு சங்கம் உண்டு. சைபீரிய ரகத்துக்கு ஒன்று, ஜப்பான் ரகத்துக்கு ஒன்று, காட்டு இனங்களுக்கு ஒன்று. லூசியானாக்காரர்கள் 1941இலேயே தனியாகக் கூடிவிட்டார்கள். நமக்குப் படிக்க வேண்டியது அவர்கள் பக்கம்தான். சதுப்பில் நின்று வெக்கையும் ஈரமும் பழகிய செடி அது.

விதை, பெங்களூரு நண்பர் ஒருவர் தோட்டத்தில் காய்த்தது. வெளிநாட்டுச் சங்கங்களின் விதைப் பரிமாற்றத்தில் கேட்டும் வாங்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் சான்று எல்லாம் வேண்டும். ஒரு பிடி விதைக்கு யார் அலைவது?

இப்போது உரிக்கும் கதை. விதை அரைவட்டமாக இருக்கும், மேலே தடித்த தக்கை. அந்தத் தக்கைதான் சதுப்பில் விதையை மிதக்கவைத்துக் கொண்டுபோகிறது. தொட்டிக்கு வந்தால் அதுவே தொல்லை. காய்ந்த விதையில் கத்தி வைத்தால் வழுக்கிக்கொண்டு நம் விரலுக்குத்தான் வரும். வெதுவெதுப்பான நீரில் ராத்திரி ஊறப்போட்டு, தக்கை மெத்தென்று ஆனபிறகு எடுக்க வேண்டும். வளைந்த முதுகுப் பக்கம் நகவெட்டியால் ஒரு கடி. அப்புறம் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினால் தக்கை கழன்றுவிடும். முளைக்கரு இருக்கும் முனையை மட்டும் தொடவே கூடாது. நகவெட்டி பழசாக, கொஞ்சம் மழுங்கியதாக இருந்தால் நல்லது. புதியது உள்பருப்பையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது.

உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலை நான் விட்டுவிட்டேன். கூட்டத்து ஆச்சிக்கு அது பொறுக்கவில்லை. "தம்பி, பாதி உரிச்ச வெங்காயத்தை யாராச்சும் கொழம்புல போடுவாகளா?" என்றார். முளை வந்தபிறகும் அவர் கட்சி மாறவில்லை. ஐரிஸ் விதைக்குள்ளேயே முளைப்பை அடக்கிவைக்கும் பொருள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் ராண்டால்ஃபும் காக்ஸும் 1943இல் எழுதியிருக்கிறார்கள். அதனால் உரித்தபிறகும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அந்தத் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், தயங்காமல் கொட்டுங்கள்.

இனி தண்ணீர்ப் பாடு. நம் செம்மண் இதற்குப் பரவாயில்லை, கிணற்று உப்புத்தண்ணீர்தான் ஆகாது. இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முற்றத்துத் தகரத் தூம்பில் கொட்டும் மழைத்தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்துவைத்திருக்கிறேன். சித்திரை வரை தாங்குமா என்பது சந்தேகம்தான்.

நடுவே ஒரு புலம்பல். ஆன்லைனில் ஒருவரிடம் நீலத் தாடிப் படம் பார்த்துக் கேட்டதற்கு வந்து சேர்ந்தது வாக்கிங் ஐரிஸ். அது நியோமாரிக்கா, வேறு பேரினம். பணம் திரும்பவில்லை. பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் தண்டு நுனியில் குட்டி போட்டு, சாய்ந்து, விழுந்த இடத்தில் வேர்விடுகிறது. இப்போது கூட்டத்தில் எல்லோர் வீட்டு இரண்டாங்கட்டிலும் அதுதான் நிற்கிறது. எங்கள் விதி அப்படி: கிழங்கு வாங்கியவர் செடி பெருகியதும் ஒரு துண்டு திருப்பித் தர வேண்டும். பெயர்ச்சீட்டில்தான் சண்டை. குமிழ் வகை தவிர மற்ற ஐரிஸ் ரகப் பெயர்களை உலகத்துக்கே பதிவு செய்வது அமெரிக்கச் சங்கம். எங்களிடமோ "தேவகோட்டை ஆச்சி வீட்டு நீலம்" என்ற சீட்டோடு ஒரு செடி, அது ஐரிஸ்தானா என்பதே வழக்கில் இருக்கிறது.

அடுத்து லெபர்ட் லில்லி விதை போட வேண்டும். பெலம்காண்டா என்ற தனிப் பேரினமாக இருந்ததை 2005இல் ஐரிஸ் டொமெஸ்டிகா ஆக்கிவிட்டார்கள், அதனால் சங்கக் கணக்கில் சேரும். ஆரஞ்சில் சிவப்புப் புள்ளி, நம் வெயிலுக்கு அஞ்சாது. உரிக்கும் வேலையும் இல்லை. அப்புறம் சிவப்பு ஐரிஸ் நெல்சோனி மேல் ஒரு கண். லூசியானாவில் அப்பவில் ஊர்ப்பக்கத்துச் சதுப்பில் மட்டும் காட்டில் வளர்வது, 1966இல் பெயர் வைத்தவர் மேலே சொன்ன ராண்டால்ஃப்தான்.

அதற்கு முன்னால் இந்த நாற்றுகளை இடம் மாற்ற வேண்டும். ஓட்டை இல்லாத தொட்டி, வேர் எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும். மாட்டுக்குக் கழுநீர் வைத்த பழைய கல்தொட்டிதான் என் கணக்கு. பழம்பொருள் கடையில் விலை கேட்டால், மாட்டையும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வண்டி வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.