மேற்பார்வைக்குச் செலவாகட்டும்

பள்ளிகளில் வாகனம் ஓட்டக் கற்றுத்தரலாம் என்று எங்கள் மன்னார்குடிப் பக்கம் யாராவது சொன்னால், "அதைக் கண்காணிக்க அரசு எவ்வளவு செலவழிப்பது?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

செலவு உண்டு, மறுக்கவில்லை. பயிற்றுநரின் தகுதி, பயிற்றுநரும் பிரேக் பிடிக்கும்படி இரட்டைக் கட்டுப்பாடு உள்ள வாகனம், பதிவேடு எல்லாவற்றையும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிடம் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கின்றன. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமென்றால், கார் கற்றுத்தரவே குறைந்தது ஒரு ஏக்கர் நிலம், நான்கு வாரங்களில் 29 மணி நேரப் பயிற்சி. இவற்றை நேரில் போய்ச் சரிபார்க்க ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். பொதுப்பணம் இதற்கில்லாமல் வேறு எதற்கு?

தை, மாசியில் எங்கள் சாலைகளுக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் காயும் நெல், நடுவே அறுவடை இயந்திரம். அந்த இடுக்கில் சீருடையோடு ஒரே ஸ்கூட்டரில் மூன்று பிள்ளைகள். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம். அதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருக்க எதைச் செய்தோம்?

கார் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். சரி, சாலை விதிப் பாடத்தை 11ஆம் வகுப்பிலேயே தொடங்கலாமே. மாவட்டத்துக்கு ஓர் ஆய்வாளரை இதற்கென்றே நியமியுங்கள். முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கட்டும். அவரது அறிக்கையைப் பெற்றோர் படிக்கும்படி பள்ளி வாசலில் ஒட்டுங்கள்.