அலாஸ்கா குரூஸ்: பாதையை முதலில் பாருங்கள், கப்பலை அப்புறம்

அமெரிக்காவுக்கு வந்திருக்கும் அம்மா அப்பாவை அலாஸ்கா குரூஸில் கூட்டிப் போக நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் இந்திய பாஸ்போர்ட்டில் விசிட்டர் விசாவோடு வந்திருந்தால், சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும் கனடா விசா வேண்டும். எங்களுக்கு டிக்கெட் விற்ற டிராவல் ஏஜென்ட் இதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. "கப்பலை விட்டு இறங்காவிட்டால் விசா எதற்கு மேடம்?" என்று ஒவ்வொரு போனிலும் அதையே சொன்னார். அவர் பேச்சை நம்பிப் போயிருந்தால் சியாட்டில் துறைமுகத்தில் அம்மா அப்பாவை ஏற்றாமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் அடங்கவில்லை.

காரணம் 1886-இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணிகள் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி, வேறு நாட்டில் எங்கும் நிற்காமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவிட்டு வர முடியாது. பெரிய குரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. அதுவும் பல பயணத் திட்டங்களில் கடைசி நாள் மாலை ஏழு, எட்டு மணிக்கு வந்து நள்ளிரவில் கிளம்பிவிடும். ஊர் பார்க்க நேரம் இருக்காது, ஆனால் விசா மட்டும் முழுசாகக் கேட்பார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். அதனால் எனக்கும் கணவருக்கும் சிக்கல் இல்லை, பெற்றோருக்குத்தான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் கணக்கே மாறியது. கனடா விசா எப்படியும் எடுக்க வேண்டும் என்றால் சியாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? கனடாவிலுள்ள வான்கூவரிலேயே ஏறலாமே. ஏஜென்ட் இரண்டும் ஒன்றுதான் என்றார். ஒன்றே இல்லை. சியாட்டிலில் கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் போகின்றன. வான்கூவரில் கிளம்புபவை தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே, ஜான்ஸ்டோன் நீரிணை வழியாக, இரண்டு பக்கமும் மலையும் காடுமாக அமைதியான தண்ணீரில் போகும். அம்மாவுக்குக் கொடைக்கானல் பஸ்ஸிலேயே தலை சுற்றும். எங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. முழுக்க ஆடாது என்று சொல்ல மாட்டேன். குயின் சார்லட் சவுண்ட் பகுதியில் சில மணி நேரம் திறந்த கடல் உண்டு, அங்கே கப்பல் ஆடத்தான் செய்தது. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார்.

வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியர் அல்லது சீவர்ட் துறைமுகத்தில் இறங்கும் ஒருவழிப் பயணங்களும் இருக்கின்றன. டெனாலி தேசியப் பூங்கா வரை ரயிலில் போக ஆசைப்படுபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அதில் அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்க வேண்டும், அப்புறம் ஆங்கரேஜிலிருந்து விமானம். வயதானவர்களோடு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சரி, கனடா விசா. ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. ஆன்லைன் விண்ணப்பம் சுலபம்தான். அலைச்சல் கைரேகையில்தான். நாங்கள் இருக்கும் டெக்சஸ் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போய் நின்றால், கவுன்டரில் இருந்தவர் கைரேகைக் கடிதத்தை போனில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். அச்சிட்ட தாள்தான் வேண்டுமாம். அங்கேயே பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார். பக்கத்தில் கடை தேடி ஓடி, எடுத்துக்கொண்டு திரும்பினால் எங்கள் நேரம் தாண்டிவிட்டது, வேறு அப்பாயின்ட்மென்ட் போட்டு வாருங்கள் என்றார். எழுபது தாண்டிய இருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒரு தாளுக்காக இப்படி அலையவிட்டது அநியாயம். அதனால் சொல்கிறேன்: ஆளுக்கு ஒரு பிரதி அச்சிட்டு, பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொண்டுபோங்கள். அடுத்த முறை பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பி விசா ஒட்டி வாங்கவும் நாள் பிடிக்கும். கப்பலுக்கு முழுப் பணம் கட்டும் கடைசித் தேதி பொதுவாகப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே வந்துவிடும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பணம் போகும். எனவே அந்தத் தேதிக்கு முன் விசா கைக்கு வரும்படி வேலையை ஆரம்பியுங்கள்.

இனி பனியாறு. எல்லா விளம்பரத்திலும் நீலப் பனிச்சுவர் படம் இருக்கும். ஆனால் எந்தப் பனியாறு என்பதை நாள்வாரி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டே பெரிய குரூஸ் கப்பல்களைத்தான் விடுவார்கள். ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் ஆகிய குரூஸ் நிறுவனங்களின் பல பயணங்கள் உள்ளே போகும். ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்கள் பெரும்பாலும் ஹப்பார்ட் பனியாறு அல்லது எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகலான கடல் நுழைவாய்ப் பக்கம் போகும். ஒரே நிறுவனத்தின் எல்லாக் கப்பலும் ஒரே இடத்துக்குப் போகாது, தேதிக்குத் தேதி மாறும். எங்கள் ஏஜென்ட் அனுப்பிய விலைப்பட்டியலில் வெறுமனே "பனியாறு பார்த்தல்" என்று இருந்தது. தோண்டிக் கேட்டால் டிரேசி ஆர்ம் என்றார். 2025 ஆகஸ்டில் அங்கே மலைச்சரிவு ஏற்பட்டு, கடல்நீர் சுவர்போல எழும்பி அடித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் டிரேசி ஆர்மை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள எண்டிகாட் ஆர்முக்கு மாறிவிட்டன. அந்தச் செய்தியே அவருக்குத் தெரியவில்லை.

ஹப்பார்டும் சாதாரணமில்லை. 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடலைத் தொடும் முகம் மட்டும் சுமார் 10 கிலோமீட்டர் அகலம். உலகில் பல பனியாறுகள் பின்வாங்கும்போது இது முன்னேறுகிறது. ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமாக இருந்தால் கப்பல் வெகு தூரத்திலேயே நின்றுவிடும். கிளேசியர் பேயில் கிட்டத்தட்ட முழு நாளும் கிடைக்கிறது. பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். 1794-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாய்க்கருகிலேயே பனி மறித்து நின்றதாம். இன்று கப்பல் நூறு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே போகிறது. என்னைக் கேட்டால், செலவழிக்கும் பணத்துக்கு கிளேசியர் பே இருக்கும் பாதையை எடுத்துவிட்டு, நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பிறகு பாருங்கள். பத்து கடை இருக்கும் புதுக் கப்பலைவிட, உள்ளே போகும் பழைய கப்பல் மேல்.

துறைமுக நேரங்களையும் கவனியுங்கள். அலாஸ்காவின் கெட்சிகன் ஊர் என்று போட்டிருந்தாலும் சில கப்பல்கள் ஊரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கின்றன. அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும். நாலைந்து மணி நேர நிறுத்தத்தில் போகவும் வரவும் நல்ல பங்கு போய்விடும். கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்கு 1,400 சொச்சம்தான். குடை காற்றில் நிற்காது, தொப்பி வைத்த மழைக் கோட்டு வாங்குங்கள். மே மாதத்தில் மழை குறைவு, செப்டம்பரில் கொட்டும். நாங்கள் மே கடைசியைத் தேர்ந்தெடுத்தோம்.

இன்னொரு தலைவலி பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேம் மட்டும்தான். அமெரிக்க விசாவில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டிருக்கிறார்கள். நம்மில் பலருக்கும் இதுதான் நிலை. ஏஜென்ட் எங்களைக் கேட்காமலே அப்பா பெயரை அம்மாவுக்குக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டார். ஆன்லைன் செக்-இன்னில் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை. திருத்தச் சொன்னால் "யாரும் பார்க்க மாட்டார்கள் மேடம்" என்றார். கப்பல் நிறுவனத்தை நேரே கூப்பிட்டால், ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டை ஏஜென்ட் சொன்னால்தான் தொடுவோம் என்கிறார்கள். இந்த விதி எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருவழியாக ஏஜென்ட்டையும் கப்பல் நிறுவனத்தையும் ஒரே போன் அழைப்பில் கோர்த்து, நான் கேட்டுக்கொண்டே இருக்க, விசாவில் இருப்பதுபோல மாற்ற வைத்தேன். புது உறுதிச்சீட்டு மின்னஞ்சலில் வந்து, அதில் ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் போனை வைத்தேன். விமான டிக்கெட்டிலும் பெயர் அதேபோல இருக்க வேண்டும்.

பயணம் அருமையாகவே போனது. முதல் இரவு சீமோர் நேரோஸ் என்ற குறுகிய நீரிணையைக் கடக்கும்போது அப்பா தூங்கவே இல்லை. கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்த ரிப்பிள் ராக் என்ற பாறையை 1958-இல் வெடி வைத்துத் தகர்த்த இடம் அது. பொதுப்பணித்துறையில் இருந்தவர், அதைப் பற்றி இப்போதும் பேசுகிறார். சாப்பாட்டுக்கு, ஏறிய அன்று மாலையே உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் சைவம், முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாளுக்கு வேண்டியதை முந்தின இரவே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பருப்பும் சோறும் தினமும் கிடைத்தது. டிக்கெட் விலைக்கு மேல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் தானாகக் கணக்கில் ஏறும். பட்ஜெட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வான்கூவரில் இறங்கும் அன்று அமெரிக்காவுக்கு விமானம் போடுகிறீர்களா, மதியத்துக்குப் பிறகு போடுங்கள். அமெரிக்கக் குடியேற்றச் சோதனை வான்கூவர் விமான நிலையத்திலேயே நடக்கிறது. கப்பல்கள் வந்த நாளில் வரிசை நீளமாக இருக்கிறது. வீல்சேர் தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்திருந்ததால் அம்மாவை நேரே முன்னால் அழைத்துப் போய்விட்டார்கள்.