ஒரு பவுண்டு கடிதம்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த கடன் அட்டைக்கு 2,316 பவுண்டு பாக்கி இருப்பதாக, அதுவரை பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு வசூல் நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. வங்கியிடமிருந்து அந்தக் கடனை வாங்கிவிட்டதாகவும், பணம் கட்டாவிட்டால் வழக்குத் தொடரக்கூடும் என்றும் அதில் கண்டிருந்தது. அட்டை என்னுடையதுதான். ஆனால் பாக்கி அதில் பாதிதான் இருக்கும் என்பது என் கணக்கு. உடனே தொலைபேசியில் அழைத்துச் சண்டை போடக் கை துறுதுறுத்தது, நல்லவேளை, போடவில்லை.

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 78ஆவது பிரிவு, கடன் அட்டை வைத்திருப்பவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது. எழுத்து மூலம் கேட்டு ஒரு பவுண்டு கட்டணம் செலுத்தினால், கடன் கொடுத்தவரோ அதை வாங்கியவரோ ஒப்பந்தத்தின் பிரதியையும், நிலுவை எவ்வளவு என்று காட்டும் கையொப்பமிட்ட கணக்கறிக்கையையும் 12 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தராத வரையில் நீதிமன்றத்தின் வழியாக அந்தக் கடனை வசூலிக்க முடியாது. பலரும் ஒப்பந்தத்தையே பெரிதாகப் பேசுகிறார்கள்; தொகையில் தகராறு உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கறிக்கைதான் முக்கியம்.

கடிதத்தை நான்கே வரிகளில் முடித்தேன். 'இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்பதை முதல் வரியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள்தான் காலவரம்பு (ஸ்காட்லாந்தில் ஐந்து). இடையில் பணம் கட்டினாலோ, கடன் உண்டென்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ அந்தக் காலக்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். ஒரு பவுண்டுக்கான போஸ்டல் ஆர்டரை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் செய்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் தடித்த உறை ஒன்று வந்தது. ஒப்பந்தம் என்று அவர்கள் அனுப்பியிருந்த தாள்களின் தலைப்பில் என் இப்போதைய முகவரி அச்சாகியிருந்தது. அட்டை எடுத்தபோது நான் குடியிருந்ததோ வேறொரு வீடு. கையெழுத்து இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது. பழைய மூலத்தின் ஒளிநகல்தான் வேண்டுமென்றும் கேட்க முடியாது. வங்கி தன்னிடமுள்ள பதிவுகளைக் கொண்டு மீட்டெழுதிய பிரதியே போதுமென்று 2009இல் ஒரு வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்துப் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்புதான் சொல்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுகடிதம் எழுதினேன். கணக்கறிக்கையும் வரவில்லை என்பதைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் கடனே அழிந்துவிடும் என்று நம்பிக் கடிதம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கடன் அழிவதில்லை, வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது, அதுவும் பிரதி வந்து சேரும் வரைதான். அதுவரையிலும் வசூல் நிறுவனம் பணம் கேட்டு எழுதலாம், கடன் தகவல் நிறுவனங்களிடம் தவணை தவறியதாகப் பதியலாம். கையெழுத்திட்ட ஆவணம் இல்லையென்றால் நீதிமன்றமே கையை விரிக்க வேண்டிய பழைய விதி, 2007 ஏப்ரல் 6ஆம் தேதிக்கு முன் செய்த ஒப்பந்தங்களுக்கு மட்டுமே பொருந்தும். என்னுடையது அதற்குப் பிந்தியது. நீதிமன்றத்திலிருந்தே வழக்குத் தாள் வந்துவிட்டால், பிரதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 14 நாட்களுக்குள் பதில் போட்டாக வேண்டும்.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது உறை வந்தது. பழைய முகவரி சரியாக இருந்தது. கணக்கறிக்கையில் நிலுவை 1,148 பவுண்டு. மீதி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சொல் விளக்கமும் இல்லை. அந்த 1,148 பவுண்டை மாதம் 40 பவுண்டாகக் கட்ட ஒப்புக்கொண்டேன். நான் அனுப்பிய போஸ்டல் ஆர்டரை மாற்றாமல் அதே உறைக்குள் திருப்பி வைத்திருந்தார்கள்.