நான்காவது பாடத்துக்காக ஒரு மாதச் சண்டை

2024 மே 8 அன்று எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தபோது நான் வேலந்தாவளம் சந்தையில் தக்காளிக்குப் பணம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மகள் போனில் சொன்னாள்: பத்துப் பாடங்களில் எட்டில் ஏ பிளஸ், இந்தியில் ஏ, உயிரியலில் பி பிளஸ். நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "பயாலஜியில் என்ன ஆயிற்று?" என்பதுதான். எட்டு ஏ பிளஸ் வாங்கிய பிள்ளையிடம் இப்படிக் கேட்ட அப்பன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும், நியாயம்தான்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ் மீடியத்தில்தான் படித்தாள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் அறிவியல் என்று ஒரே தாள். கேரளத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடங்கள், தனித்தனித் தேர்வுகள். பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பது இரண்டு வருடமாக மார்க் பட்டியலில் எழுதியே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. நான் படித்த காலத்தில் இங்கே பிளஸ் ஒன் கிடையாது, கல்லூரியில் இரண்டு வருடம் பிரீ டிகிரி. கணிதம் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப், உயிரியல் இருந்தால் செகண்ட் குரூப். கணக்குக்குப் பயந்து செகண்ட் குரூப் எடுத்தேன். டாக்டரும் ஆகவில்லை, பாலிடெக்னிக்குப் போன நண்பர்களைப் போல டவுனில் வேலையும் கிடைக்கவில்லை. தென்னந்தோப்புக்கே திரும்பினேன். அதனால் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பயோ மேத்ஸ்தான் என்று அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே மனத்தில் முடிவு செய்துவிட்டேன். இரண்டு கதவும் திறந்திருக்கும் என்பது என் வாதம். ஊரில் எல்லா அப்பாக்களுக்கும் அதே வாதம்தான்.

அவளுக்கு வேறு ஆசை இருந்தது. அதற்குக் காரணம் ஒரு போர்வெல்.

எங்கள் பகுதி மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டின் மேற்கே கொட்டும் மழை எங்களிடம் வரும்போது தூறலாகிவிடும். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை இரண்டு மாநிலங்கள் பேசித் தீர்க்க வேண்டும். பக்கத்துப் பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக நடந்த போராட்டத்தில் குளிர்பான ஆலை 2004இல் நின்றுபோனது, அந்தக் கதையைக் கேட்டுத்தான் இங்கே குழந்தைகள் வளர்கிறார்கள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது தோப்பில் போர் போட்டோம். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நின்ற இடத்தைக் காட்டினார். 620 அடி போனோம். புகைபோல வெள்ளைத் தூள்தான் வந்தது. கடன் மட்டும் மிச்சம். ரிக் வண்டி கக்கிய தூளை அடிக்கணக்குப்படி சின்னச் சின்னக் குவியலாக ரிக்காரர் வரிசையாக வைத்திருந்தார். மகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளிப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டினாள். "இதைப் படிக்க ஒரு பாடம் இருக்கிறதா அப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். தெரியாமல் சொன்ன பொய்.

கேரளத்தில் ஹையர் செகண்டரியில் அறிவியல் பிரிவு மட்டுமே ஒன்பது வகைப் பாடச் சேர்க்கைகளாக இருக்கிறது. ஆங்கிலமும் ஒரு இரண்டாம் மொழியும் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் நான்கு பாடங்கள். பட்டியலைப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது: ஒன்பதிலும் இயற்பியலும் வேதியியலும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாம் தேர்ந்தெடுப்பது மீதி இரண்டு நாற்காலிகளை மட்டும். கணிதமும் உயிரியலும், கணிதமும் கம்ப்யூட்டர் சயன்ஸும், கணிதமும் எலக்ட்ரானிக்ஸும், உயிரியலும் மனையியலும், உயிரியலும் உளவியலும் என்று போகும் அந்தப் பட்டியலில் கணிதத்தோடு ஜியாலஜி, அதாவது நிலவியலும் இருந்தது. மகள் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு என் முன் வைத்தாள்.

பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை அன்று மாலையே போன் செய்தாள். "அண்ணா, இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், நீட் கோச்சிங்கும் இருக்கிறது." பாசத்தில் சொன்னாள். விசாரித்தபோது கணக்கு வேறு மாதிரி இருந்தது. தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். இரண்டு வருடம் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பவளுக்கு அது வராது. வேளாண்மைப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும், கேரளத்தில் நீட் எழுத வேண்டும் என்பதால் அங்கே முயலலாம் என்று நினைத்தேன். அங்கேயும் இருப்பிடம் எது என்று கேட்கிறார்கள். பேசுவது தமிழ், படித்தது தமிழ், விண்ணப்பத்தில் மட்டும் வெளி மாநிலம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிய அந்தப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தம் உண்டு, கோட்டா கிடையாது.

பிறகு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தோம். எந்தப் பாடம் பிடிக்கும் என்பதை ஒதுக்கிவிட்டு, எந்தப் பாடம் இல்லாவிட்டால் எந்தப் படிப்பு போய்விடும் என்று மட்டும் எழுதினோம். உயிரியல் இல்லையென்றால் மருத்துவம், கால்நடை, பி.எஸ்சி. நர்சிங் போய்விடும். கணிதம் இல்லையென்றால் இன்ஜினீயரிங், பி.எஸ்சி. இயற்பியல் போய்விடும். பி.ஃபார்முக்கு இரண்டில் ஒன்று இருந்தால் போதும். கம்ப்யூட்டர் சயன்ஸ் இல்லையென்றால்? ஒன்றும் போகாது. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்குக்கே கணிதமும் இயற்பியலும்தான் தூண்கள், பிளஸ் டூவில் சி பிளஸ் பிளஸ் படித்திருக்க வேண்டியதில்லை. நிலவியல்? அதுவும் அப்படித்தான். தெரிந்த மாஷ், அதாவது வாத்தியார் ஒருவர் சொன்னார்: "பி.எஸ்சி. ஜியாலஜிக்கு வருபவர்களில் பாதிப் பேர் பிளஸ் டூவில் அதைப் பார்த்ததே இல்லை. கெமிஸ்ட்ரியும் கணக்கும் உருப்படியாக இருந்தால் போதும்."

தாளில் நான் ஜெயித்துவிட்டேன். இழப்பதை வைத்துக் கணக்குப் பார்த்தால் பயோ மேத்ஸை அடிக்க ஆள் இல்லை. மகள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நான் போகப் போகாத கதவைத் திறந்து வைக்க நான் எதற்கு இரண்டு வருடம் தவளையும் பூவும் வரைய வேண்டும்?" உயிரியல் இங்கே ஒரே பாடம் என்று பெயர். உள்ளே தாவரவியலுக்கு ஒரு புத்தகம், விலங்கியலுக்கு ஒரு புத்தகம், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு ரெக்கார்டு நோட்டுகள். படம் வரைவதுதான் அவளுக்கு எமன். அந்த பி பிளஸ்ஸே படத்தால் வந்தது.

இதற்கிடையே விண்ணப்பம். மே 16 முதல் ஏகஜாலகத்தில் பதிவு தொடங்கியது. மாவட்டம் முழுக்க எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே விண்ணப்பம் என்பதால் அந்தப் பெயர், ஒற்றைச் சாளரம். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து வீட்டிலேயே செய்யலாம். நாங்கள் இணைய விண்ணப்பங்கள் செய்துதரும் அக்ஷயா மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் விரல் வேகத்தில் தட்டிக்கொண்டே, "எது கிடைக்கும்னு தோணுதோ அதை மேலே போடுங்க சேட்டா" என்று பாதித் தமிழில் சொன்னார். ஊரில் பலரும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். ஒரு ஆப்ஷன் என்பது ஒரு பள்ளியும் ஒரு பாடச் சேர்க்கையும் சேர்ந்தது. மேலே எழுதிய ஆப்ஷன் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதிய எல்லாம் தாமாக ரத்தாகிவிடும். கிடைக்குமா என்று பார்ப்பது இயந்திரத்தின் வேலை. கிரேடுகளைக் கூட்டி, அந்தச் சேர்க்கைக்குரிய பாடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, அதே பள்ளியில் படித்தவர், அதே பஞ்சாயத்துக்காரர் என்று போனஸ் போட்டு அதுவே வரிசைப்படுத்துகிறது. நம் வேலை ஆசைப்படி வரிசையாக எழுதுவது மட்டும். கீழே எழுதியதால் மேலே உள்ளதன் வாய்ப்புக் குறையாது. இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் உறுதியாகக் கிடைக்கும் என்று காமர்ஸை முதலில் போட்டுவிட்டான். பிறகு அதுவே கிடைத்து, அழுதுகொண்டே சேர்ந்தான்.

எங்களுக்கு வந்த சிக்கலை எல்லைப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் இருக்கும் பள்ளி வீட்டுக்கு அருகில் இருந்தது. அங்கே அறிவியலில் பயோ மேத்ஸ் மட்டும்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ் இருந்த பள்ளியில் இரண்டாம் மொழி மலையாளம் அல்லது இந்தி. ஜியாலஜி இருந்த பள்ளி இன்னும் தொலைவு, பாலக்காடு தாண்டி. அங்கேயும் தமிழ் இல்லை. மனைவி அதுவரை சண்டையில் கலந்துகொள்ளவில்லை. "பத்து வருடம் தமிழில் படித்தவள் இனிமேல் தமிழே எழுத மாட்டாளா?" என்று அன்று கேட்டாள். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.யில் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணிதம், பிசிக்கல் சயன்ஸ் ஆசிரியர் பணியிடங்கள் தனியாக அறிவிக்கப்படுவதை அவள் தம்பி சொல்லிக் கேட்டிருக்கிறாள். தமிழை விட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

விவாதித்து அலுத்துப்போய் ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தோம். பள்ளி நாள் எப்படி இருக்குமோ அப்படியே. ஆறே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பி, மெயின் ரோடு வரை நடந்து, பாலக்காடு பஸ். நின்றுகொண்டே பயணம். ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். அவள் மாணவர் சலுகை டிக்கெட் கேட்பதுபோல நடித்துப் பார்த்தாள், கண்டக்டர் முறைத்தார். ஜியாலஜி பள்ளியின் கேட்டைத் தொட்டபோது மணி எட்டே முக்கால். விடுமுறை என்பதால் கேட் பூட்டியிருந்தது. எதிரே ஒரு கடையில் சர்பத் குடித்தோம். வெயிலில் பூட்டிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது சித்தூர் வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் பாறையைப் பற்றி எப்போது படிப்பது? அதைக் காலேஜில் படித்துக்கொள்கிறேன்." நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீம்புக்காவது முதலில் எழுதியிருப்பாள்.

ஆனால் அதனால் பயோ மேத்ஸுக்கு வந்துவிடவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் அதை முதலில் எழுதினோம், கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாவது. மே மாத இறுதியில் டிரயல் அலாட்மென்ட் வந்தது. ஒத்திகைதான், ஆனாலும் பயோ மேத்ஸ் என்று அதில் அவள் பெயர் இருந்தது. நான் லட்டு வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை. டிரயலுக்குப் பிறகு ஆப்ஷனைத் திருத்த இரண்டு மூன்று நாள் தருகிறார்கள். அந்த இரவு எனக்கு மிச்சமிருந்த ஒரே பயம், நாளைக்கு மனம் மாறினால் என்ன செய்வாள் என்பது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்பை அவளே தேடி எடுத்துக் காட்டினாள். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம். போகமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காகத்தான் தேடியிருக்கிறாள்.

மறுநாள் அக்ஷயாவில் இரண்டையும் இடம் மாற்றினோம். முதல் அலாட்மென்டில் பயோ மேத்ஸ்தான் வந்தது, அதாவது இப்போது இரண்டாவது ஆப்ஷன். தற்காலிகமாகச் சேர்ந்து, சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இப்படிச் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சேராமல் விட்டால்தான் வரிசையிலிருந்து வெளியே. அடுத்த அலாட்மென்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது. ஜூன் 24 அன்று வகுப்பு தொடங்கியது. இரண்டாம் மொழி மலையாளம் எடுத்தாள். பேச்சில் தண்ணீர்பட்ட பாடு, எழுத்தில் முதல் பரீட்சையில் பாதி மதிப்பெண்.

அதைவிட அடித்தது ஆங்கிலம். முடுக்கம், உந்தம், இணைதிறன் என்று படித்தவளுக்கு ஒரே வாரத்தில் எல்லாம் பெயர் மாறிவிட்டன. தெரிந்த ஆள்தான், வேறு சட்டை போட்டு வந்து நிற்கிறார் என்றாள். நூறு பக்க நோட்டு ஒன்றை நெடுக்கே கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பத்தாம் வகுப்புத் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதத் தொடங்கினாள். ஓணப் பரீட்சைக்குள் முக்கால் நோட்டு நிறைந்துவிட்டது. இப்போது அது தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கும் தம்பியிடம் இருக்கிறது. அவனுக்கு உயிரியல் பிடிக்குமாம்.

மாத்திரை டப்பாக்கள் அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கின்றன. 400 அடி என்று எழுதிய டப்பாவில் மட்டும் தூள் கொஞ்சம் சிவப்பு. ஏன் என்று கேட்டேன். இன்னும் தெரியவில்லை என்றாள்.