ஈரக் கால், 7ஆம் மாடி

மார்ச் 26

ஜீன்ஸ் இனி வேண்டாம்.

காலையில் செம்பவாங்கிலிருந்து காத்திப் வரை ஒரு பொட்டு மழை இல்லை. சிங்கப்பூர் வெயில் முதுகைச் சுட்டது. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்கும்போது வானம் கறுத்திருந்தது. மருத்துவமனை பத்து நிமிடத் தூரம்தானே என்று சைக்கிளை மிதித்தேன். பாதி வழியில் பிடித்துக்கொண்டது. அப்பா படுத்திருக்கும் 7ஆம் மாடிக்குப் போனபோது தொடையிலிருந்து கணுக்கால் வரை துணி ஒட்டிக்கிடந்தது. அங்கே குளிரூட்டி வெயிலுக்கும் மழைக்கும் ஒரே அளவில்தான் ஓடும். எட்டு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது.

அப்பா கண் விழித்ததும், "மழையா தாயி?" என்றார். இல்லை என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 27

அப்பாவின் மருத்துவ அறிக்கை வரவில்லை.

மார்ச் 29

வீட்டில் இருக்கும் கால்சட்டைகளை எல்லாம் எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். பிறகு வாளியில் முக்கி, கையால் முறுக்கிப் பிழிந்து, மறுபடி நிறுத்தேன். ஜீன்ஸ் 610 கிராம்; நனைந்தபின் 1,140. பருத்தி சுடிதார் பேண்ட் 190, நனைந்தபின் 405. அலமாரியில் சும்மா கிடந்த பாலியஸ்டர் டிராக் பேண்ட் 230, நனைந்தபின் 310. போன வருடம் பயணத்துக்கு வாங்கிய மெல்லிய நைலான் பேண்ட் 200, நனைந்தபின் 265.

எல்லாவற்றையும் கொடியில் போட்டு விசிறியைச் சுழல விட்டேன். நைலான் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. பாலியஸ்டருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பருத்திக்குப் பிற்பகல் முழுக்க வேண்டியிருந்தது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டை இதை எழுதும் இந்த இரவு நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்கிறது. மற்ற இரண்டிலும் தண்ணீர் பெரும்பாலும் இழைகளுக்கு நடுவில்தான் தங்குகிறது, அதனால் காற்றுப் பட்டதும் விட்டுவிடுகிறது. சின்ன வயதிலிருந்து நம் ஊர் வெக்கைக்குப் பருத்திதான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். வெக்கைக்குச் சரிதான். நனைந்துவிட்டுக் குளிரூட்டியில் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறவளுக்கு அது சரிப்படாது.

அக்கா தொலைபேசியில், "பேண்ட்டைப் போய் நிறுத்துக்கிட்டு இருக்கியா, வேற வேலை இல்லையாடி?" என்றாள். இல்லை. காத்திருப்பது ஒன்றுதான் வேலை.

மார்ச் 31

லெக்கிங்ஸ் சீக்கிரம் காய்கிறது. ஆனால் நனைந்தால் தோலாகவே ஆகிவிடுகிறது. அதோடு வார்டுக்குள் நுழைய எனக்குக் கூச்சம்.

ஏப்ரல் 1

பேருந்தில் போனால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். பேருந்தில் கை சும்மா இருக்கும். கை சும்மா இருந்தால் தொலைபேசியை எடுக்கும். எடுத்தால் அறிக்கை வந்திருக்கிறதா என்று பார்க்கும். சைக்கிளில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தாக வேண்டும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும்.

ஆகவே இந்த வானிலையைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது, தென்மேற்கு இன்னும் தொடங்கவில்லை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை இந்த இடைக்காலம். காற்று வலுவில்லாமல் திசை மாறி மாறி வீசும். சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். தரை கொதிக்கும். கடற்காற்று வெவ்வேறு பக்கமிருந்து தீவுக்குள் வந்து முட்டி மேலே எழும்பும், பிற்பகலில் இடி இறங்கும். அதனால்தான் ஈசூனில் கொட்டும்போது செம்பவாங்கில் துணி காய்கிறது. மதியம் 33 பாகை. மழை விழுந்த அரை மணி நேரத்தில் 25. அப்பாவுக்கு இது கோடை மழை, அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கும் சித்தி மகன் சொன்னான்: அங்கே இப்போது வசந்தம், காலையில் 6, 7 பாகை, மதியத்தில் 15. முழங்காலை மூடும் குழாய் மாதிரித் துணியை மாட்டிக்கொண்டு கிளம்புவானாம். வெயில் வந்ததும் சைக்கிளை நிறுத்திக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வானாம். அவனுக்குக் குளிர் காலையில். எனக்குக் குளிர் போய்ச் சேரும் இடத்தில்.

ஏப்ரல் 3

மழைக்கான பிளாஸ்டிக் பேண்ட் வாங்கினேன். பத்து நிமிடம் மிதித்ததும் உள்ளே வியர்வை ஊற்றியது. கழற்றியபோது மழையில் நனைந்ததைவிட அதிக ஈரம். இடி இடித்ததால் ஒரு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, முதியவர்கள் நடக்கிற இடம், அது நியாயம்தான். ஆனால் மழையில் அந்த வேகம் காலைச் சோதிக்கிறது.

அப்பா தூங்கிவிட்டிருந்தார். தாமதமாகிவிட்டது.

ஏப்ரல் 4

தொடையின் உட்பக்கம் இரண்டு பக்கமும் சிவந்து தோல் உரிந்திருக்கிறது. குளிக்கும்போது எரிச்சல் தாங்கவில்லை.

எங்கே உரசுகிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு நைலான் பேண்டை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கால், நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. அந்தப் புள்ளி சரியாக இருக்கையின் மேல் உட்காருகிறது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஈரத்தில் தோல் ஊறி மெத்தென்று ஆனபின், ஒவ்வொரு மிதிக்கும் அந்த முடிச்சு அரம் மாதிரி தேய்க்கிறது. இத்தனை நாளாகத் துணியை மட்டும் பார்த்துத் தையலைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். உள்ளாடைத் தையலும் அதே இடத்தில்தான். அதுவும் பருத்தி.

தேங்காய் எண்ணெய் சீக்கிரம் உறிஞ்சிப்போகிறது. வாசலின் நிற்கிறது. இரவு தடவிக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. அறிக்கை வர ஏன் இத்தனை நாள்?

ஏப்ரல் 5

தேக்கா சந்தையின் மேல்மாடியில் தையல்காரத் தம்பியிடம் பேண்டைக் காட்டினேன். சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனால் அவர் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். "நாலு தையலும் ஒண்ணா சேருது அக்கா. நடுவுல ஒரு துண்டு வெச்சுட்டா தையல் தள்ளிப் போயிடும்." சாய்சதுரமாக ஒரு துண்டை வெட்டிக் காண்பித்தார். கால் அகட்டவும் இடம் கிடைக்குமாம். உள்ளே தையல் விளிம்பைத் தட்டையாக மடித்து அடிக்கச் சொன்னேன். அப்படியே இன்னொரு பாலியஸ்டர் பேண்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தரச் சொன்னேன். அதைப் போடுவேனா என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 7

மருத்துவர் வந்தார். நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம்.

அப்பாவின் இரண்டு காலிலும் வெள்ளையாக, இறுக்கமான காலுறை. படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. தாதி மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் கழற்றி, குதிகாலைப் பார்த்து, மறுபடி மாட்டும்போது உள்ளங்கையால் நீவி நீவி விடுகிறார். எங்கேயும் மடிப்பு விழக்கூடாதாம், ஒரு மடிப்பு இருந்தாலும் அது தோலை அழுத்திப் புண்ணாக்கிவிடுமாம். நானும் கற்றுக்கொண்டேன். அப்பாவின் கால் என் கைக்குள் அடங்கும் அளவு ஆகிவிட்டது. இந்தக் காலில்தான் என்னைக் கேரியரில் வைத்து மிதித்தார்.

ஏப்ரல் 8

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9

இன்று அப்பா பேசினார். பத்து நாளில் இவ்வளவு பேசியதில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

என் காலைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். நனைந்த பேண்டை முழங்கால் வரை சுருட்டி வைத்திருந்தேன். "நீட்டு சிலுவார் போட்டுக்கிட்டா சைக்கிள்ள வர்ற?" என்றார். செம்பவாங் கப்பல் பட்டறையில் அவர் சேர்ந்தது 1969இல். அதற்கு முந்திய ஆண்டுதான் வெள்ளைக்காரனின் கடற்படைப் பட்டறை கம்பெனியாக மாறியிருந்தது. சோங் பாங் கம்பம் என்ற கிராமத்திலிருந்து அவரும் கூட்டாளிகளும் விடிவதற்கு முன் கிளம்புவார்களாம். சங்கு ஊதியதும் வாசலில் ஒரே சைக்கிள் வெள்ளமாம்.

"அரைச் சிலுவார்தான் தாயி. நீட்டு சிலுவார மடிச்சு, பிளாஸ்டிக் காகிதத்துல சுத்தி, கேரியர்ல கட்டிருவோம். கேட்டுக்குப் போனதும் துண்டால காலைத் தொடச்சிட்டு மாட்டிக்குவோம். தோலத் தொடச்சா காஞ்சிரும். துணி காயுமா?"

நான் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கப் பார்த்ததை அவர் படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டார். தோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு துண்டு, அரை நிமிடம், முடிந்தது. அதைவிடச் சீக்கிரம் காயும் துணியை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அப்புறம், காய்ந்த நாளில் நீட்டு சிலுவாருக்கு வலது காலில் கிளிப் போடுவாராம், சங்கிலி அந்தப் பக்கம்தானே. "டின்ல இருக்கும் பாரு" என்றார். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பழைய நாணயங்களுக்கும் அம்மாவின் மூக்குத்தித் திருகாணிக்கும் நடுவில் இருந்தது. வளைந்த எஃகுப் பட்டை, லேசாகத் துரு. ஒன்றுதான் இருந்தது.

ஏப்ரல் 10

விடியற்காலை ஐந்தரைக்கு ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. சுமத்ராக் காற்று. இரவில் அங்கே கூடும் இடிமேகம் வரிசையாக நீரிணையைத் தாண்டி வந்து நம்மை விடிகாலையில் அறைகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். மழை ராடார் படத்தில் சிவப்புக் கோடு மேற்கிலிருந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஏழரை வரை இருந்தேன். பிறகு கிளம்பினேன். பாதையெல்லாம் முறிந்த கிளை. காற்று அத்தனை குளிர்ச்சி.

பிற்பகல் மழையை இப்படிப் பார்த்துத் தப்பிக்க முடியாது. இது வருவது தெரிகிறது. அது இருக்கிற இடத்திலேயே முளைக்கிறது.

ஏப்ரல் 12

தேக்காவில் வாங்கிக்கொண்டு வந்தேன். நைலான் பேண்டில் நடுத்துண்டு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இருட்டில் கால்வாய் ஓரமாக ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்தேன். எரிச்சல் இல்லை. ஒரு முறைகூட இல்லை. அழுகை வந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. காலையில் கோயிலுக்குச் சேலை. மாலையில் அலுவலகத்திலிருந்து வரும்போது முதல் முறையாக அந்த வெட்டிய பேண்ட். கெண்டைக்காலில் காற்றுப் பட்டது. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன, ஐம்பது வயதுக் கால்.

மாங்காய்ப் பச்சடி கொண்டுபோனேன். அப்பா நாக்கில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டார். வேப்பம்பூ தெரிகிறது என்றார். நான் வேப்பம்பூ போடவில்லை, கிடைக்கவில்லை.

ஏப்ரல் 16

வழி கிடைத்துவிட்டது.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலமாரியில் கீழ்த்தட்டு காலி. மிஸ்ஸியிடம் கேட்டு, என் கறுப்புப் பருத்திப் பேண்டையும் ஒரு துண்டையும் அங்கே அவருடைய கைலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இன்று ஐந்து மணிக்கு நல்ல மழை. வெட்டிய பேண்டில் மிதித்தேன், தொப்பலாக நனைந்தேன், கழிப்பறையில் துடைத்து மாற்றினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு மணி வரை கால் சூடாக இருந்தது. குளிரைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்காருகிற இடத்துக்குப் பருத்திதான். அதை இப்போது மாற்றிச் சொல்கிறேன்.

ஏப்ரல் 17

கெண்டைக்கால் நனைவது மேலிருந்து வருகிற மழையால் மட்டும் இல்லை. பாதி முன்சக்கரம் வாரி அடிப்பது. மட்கார்டின் நுனியில் பழைய ரப்பர் பாயில் ஒரு கை அகலத் துண்டை வெட்டிக் கட்டினேன், தரையை ஏறக்குறையத் தொடும்படி. மழை விட்டபின் தேங்கிய தண்ணீரில் போனேன். செருப்பு மட்டும்தான் நனைந்தது. நிறுத்தும்போது இருக்கைக்குக் குளியல் தொப்பி.

ஏப்ரல் 18

அறிக்கை வந்தது.

ஏப்ரல் 19

அக்கா வருகிறாள். என்ன உடை கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வார்டு குளிரும் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 20

காலுறையை நான்தான் மாட்டினேன். ஒரு மடிப்பு இல்லை. அப்பா கண்ணைத் திறக்காமல், "மழையா?" என்றார். ஆமாம் அப்பா என்றேன்.

ஏப்ரல் 22

ஐந்தேகாலுக்குப் போனபோது கட்டிலில் புது விரிப்பு. ஓரம் நேராக மடித்திருந்தது. அலமாரிக் கதவு திறந்து காலியாக இருந்தது. என் காலிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மிஸ்ஸி வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். 5ஆம் மாடிக்கு மாற்றியிருக்கிறார்களாம், மூன்று மணிக்கு மூச்சு சிரமப்பட்டதாம். அழைத்தார்களாம். தொலைபேசி பையின் அடியில், மழைக்குப் பயந்து இரண்டு உறைக்குள் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். கைலி, கண்ணாடி, பல் டப்பா, என் கறுப்புப் பேண்ட், துண்டு.

5ஆம் மாடியில் ஒருவர் மட்டும், பத்து நிமிடம். அப்படியே போனேன். மாற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 23

மழை இல்லை. 5ஆம் மாடியில் பக்கத்தில் அலமாரி கிடையாது. காய்ந்த பேண்டைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறேன்.