பாலம் அல்ல, நீட்டி வைத்த ரயில்வே கேட்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ரயிலில் வர வேண்டுமானால் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். நேர்ப்பாதை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "பெண்ணையாற்றுக்கு எதற்கு ரெண்டு பாலம்? ரயிலும் பஸ்ஸும் ஒண்ணுலயே மாத்தி மாத்திப் போகட்டுமே" என்று யாராவது கேட்பதுண்டு. கேள்வியில் தப்பில்லை. அப்படிப்பட்ட பாலங்கள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் அவற்றை ஏன் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும்.

ராஜமுந்திரியில் கோதாவரி மேல் 1974-ல் வந்தது, அசாமில் 2018-ல் திறந்த போகிபீல் ஆகியவை இந்த வகை இல்லை. அவை இரண்டு தட்டுப் பாலங்கள். மேலே வண்டி, கீழே ரயில், ஒன்றுக்கொன்று தொந்தரவு கிடையாது. நாம் பேசுவது தண்டவாளத்தின் மேலேயே லாரி ஓடுகிற பாலம். இலங்கையில் மட்டக்களப்பு ரயில் பாதையில் ஓட்டமாவடியும் மன்னம்பிட்டியும் அப்படித்தான் இருந்தன; மன்னம்பிட்டியில் 2007-ல் சாலைக்குத் தனிப் பாலம் வந்தது. நியூசிலாந்தின் மேற்குக் கரையில் அராஹுரா பாலத்துக்கு 2009-லும் தாராமகாவ் பாலத்துக்கு 2018-லும் இதே மாதிரி விடுதலை கிடைத்தது. வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் கர்ணபுலி ஆற்றின் மேலுள்ள காலூர்காட் பாலத்தில் இன்னும் மீட்டர்கேஜ் ரயிலும் ஆட்டோவும் ஒரே தடத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.

இது தாங்குமா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். அது பிரச்சினையே இல்லை. ரயிலின் ஒரு அச்சுக்கு 22.9 டன் வரை வரும். நம் லாரியின் நாலு டயர் அச்சுக்குச் சட்டம் அனுமதிப்பது 11.5 டன். ரயிலைத் தாங்கும் இரும்பு லாரியைத் தாங்கும். தலைவலி நேரத்தில் இருக்கிறது.

சாதாரண ரயில்வே கேட்டைக் கரும்பு டிராக்டர் கடக்க நாலைந்து வினாடி போதும். பாலத்தை 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் லோடு டிராக்டர் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். சைக்கிள்காரருக்கு இரண்டு நிமிடம். தள்ளுவண்டிக்கு ஆறு நிமிடம். கேட் எப்போதும் மெதுவான ஆளை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த ஆறு நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர் வந்துவிடும். அதனால் ரயில் தூரத்தில் இருக்கும்போதே இரண்டு முனையையும் அடைத்து, பாலத்தைக் காலி செய்து, பிறகுதான் சிக்னல் கொடுக்க முடியும். பாலத்தில் ரயிலின் வேக வரம்பு மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், அரை கிலோமீட்டர் நீள ரயிலின் கடைசிப் பெட்டி வெளியே வர இன்னும் மூன்று நிமிடம். ஆக ஒரு ரயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட அடைப்பு. போதாக்குறைக்கு, ஒற்றைத் தடம் என்பதால் ரயில் இல்லாத நேரத்திலும் கடலூர்ப் பக்கம் நின்றால்தான் புதுச்சேரிப் பக்கம் நகரும்.

அடுத்தது பூட்டு. இன்டர்லாக் செய்த கேட்டில், தடுப்பு இறங்கிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். சிக்னல் விழுந்தபின் ரயில் போகாமல் தடுப்பைத் தூக்க முடியாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில் கேட்கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் பேசி ப்ரைவேட் நம்பர் (பேசி உறுதி செய்ததற்கு அடையாளமான ரகசிய எண்) பரிமாறிக்கொள்வதோடு சரி. 2025 ஜூலை 8-ம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட்தான். பத்து மீட்டர் கேட்டிலேயே இந்த நிலை.

பாலத்துக்கு இன்டர்லாக் மட்டும் போதுமா என்றால், போதாது. பூட்டுக்குத் தெரிவது தடுப்பு இறங்கியதா என்பது மட்டும். உள்ளே ஒரு ஆட்டோ பிரேக்டவுனாகி நிற்பது அதற்குத் தெரியாது. தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு ரயில் இருக்கிறதா என்று அறியும் டிராக் சர்க்யூட் கண்டுபிடிக்காதா என்று கேட்கலாம். தண்டவாளத்தோடு சேறும் தண்ணீரும் சேர்ந்து கிடக்கும் தளத்தில் மின்சாரம் கசிந்து, ரயிலே இல்லாதபோது 'ரயில் இருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஆக்ஸில் கவுண்டர் போடுவார்கள். அது ரயில் சக்கரத்தை எண்ணும். ரப்பர் டயரை எண்ணாது. ஆகவே பாலம் காலி என்பதைக் கண்ணால் பார்த்தோ, கேமராவிலோ உறுதி செய்ய ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு கொடியோ கட்டையோ கொடுத்து, அது மறுமுனைக்கு வந்து சேர்ந்தபிறகே சாவியைத் திருப்புவது பழைய முறை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒற்றை ரயில் பாதையில் டோக்கன் பந்து (அது ஓட்டுநர் கையில் இருந்தால்தான் ரயில் நுழையலாம்) செய்ததும் இதே வேலைதான்.

காலூர்காட்டில் 2025 ஜூன் 5 இரவு, வண்டிகள் பாலத்தை விட்டு விலகி முடியாத நிலையில் ரயில் வந்து மோதி உயிர்கள் போயின. அதற்கு முன்னால்தான் ஓராண்டுக்கு மேல் சாலைப் போக்குவரத்தை நிறுத்திப் பாலத்தைச் சீர்செய்து 2024 அக்டோபரில் திறந்திருந்தார்கள்.

சரி, தளத்துக்கு வருவோம். ரயிலின் எடை தண்டவாளத்துக்கு நேர் கீழே உள்ள உத்திரத்தில் இறங்கும். லாரிச் சக்கரம் அங்கேதான் ஏறும் என்று சொல்ல முடியாது. இரண்டு உத்திரத்துக்கு நடுவிலும் ஏறும். அதனால் இடைவெளியைப் பலகையாலோ இரும்புத் தகட்டாலோ கான்கிரீட்டாலோ மூடுவார்கள். ரயில் போகும் ஒவ்வொரு முறையும் ஏற்படும் அதிர்வில் போல்ட் தளரும், பலகை தட்டும். மூடிய தளத்தின் கீழே ஸ்லீப்பர் கட்டை உளுத்ததா, கிளிப் கழன்றதா என்று பார்க்கத் தளத்தைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கச் சோம்பல்பட்டால் அங்கேதான் வினை.

சக்கரத்தின் விளிம்பு ஓட, தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம் விட வேண்டும். நம் பிராட்கேஜ் லெவல் கிராசிங்கில் அதன் அகலம் 51 முதல் 57 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது 38. லாரி சிந்தும் ஜல்லியும் சாணியும் இதில் இறுகினால் ரயில் சக்கரம் மேலே ஏறும். எனவே சுரண்டும் கம்பியோடு ஒரு ஆள் தினமும் போக வேண்டும்.

சைக்கிள்காரருக்கு அந்தப் பள்ளம் ஒரு பொறி. நம்மூர் 28 அங்குல சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். கச்சிதமாக உள்ளே இறங்கும். லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறோம், ஒரு நொடியில் முடிந்துவிடும். இங்கே 400 மீட்டரும் பள்ளம் டயருக்கு இணையாகவே வரும். பைக் டயர் அகலமானது, இறங்காது. ஆனால் ஈரமான தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நேராகப் போக வேண்டும். தாண்டியே ஆக வேண்டுமென்றால் ஹேண்டிலை நன்றாக வளைத்து, முடிந்தவரை குறுக்காகத் தாண்ட வேண்டும். மழையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவதே நல்லது.

மின் பாதையானால் உயரமும் சேர்ந்துகொள்ளும். கேட்டுக்கு முன்னால் நிற்கும் உயரத்தடுப்பு 4.67 மீட்டர். கரும்போ வைக்கோலோ அதற்குமேல் கட்டிய வண்டி பாலத்துக்குள் நுழையவே கூடாது. ஆற்றின் நடுவில் கம்பியைத் தொட்டால் ரிவர்ஸ் எடுக்கக்கூட இடமிருக்காது.