மலைக்கு ஒரு நீதி, கடலுக்கு ஒரு நீதியா?

ஒடிசாவின் நியமகிரி மலையை நியம ராஜாவாக வழிபடும் கோந்து பழங்குடியினரின் உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்துக் கூடிய 12 கிராம சபைகளும் அலுமினியத் தாதான பாக்சைட்டுக்கான சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன. மறு ஆண்டே மத்திய அரசும் அனுமதியை மறுத்துவிட்டது. அதிகாரிகள் தேர்ந்தெடுத்த ஊர்கள் வெறும் 12தான் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் குமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணி மக்களுக்காவது, நியமகிரித் தீர்ப்புக்கு அடிப்படையான 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் மீனவர்கள் வனத்தைச் சார்ந்து வாழ்பவர்கள் அல்ல என்பதால், அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1144 ஹெக்டேரில் திட்டமிடப்பட்டுள்ள அணுக்கனிம மணல் அகழ்வு, அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் கலந்த மோனசைட் என்னும் கனிமத்தைக் குறிவைப்பது. மணவாளக்குறிச்சிக் கரையில் ஈரக்காலோடு நடந்தால் பாதமெங்கும் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் அந்த மணலின் மேல்தான் வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

இவர்கள் பேசுவதற்கென்று இருந்தது பொது விசாரணை ஒன்றே. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு அதிலிருந்தும் விலக்கு அளித்துவிட்டது. அந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.